முதலில் வந்த வார்த்தை

அந்த மருத்துவமனையில் எல்லோரும் அவரை மின்னல் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். கேலியாக இல்லை, மெச்சித்தான். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குள் ஊதித் தள்ளிவிடுவார். நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் அன்றன்றைக்கே பாக்கி வைக்காமல் ஏற்றிவிடுகிறார் என்று அவருடைய படத்துக்குச் சட்டம் போட்டு லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். படத்தில் நம்மை நேராகப் பார்த்துச் சிரிப்பார். நோயாளிகள் அவருடைய முழு முகத்தைப் பார்த்தது அந்தப் படத்தில் மட்டும்தான். நேரில் போனவர்களுக்குக் கிடைத்தது அவருடைய இடது காது.

என் அக்காவின் வீட்டுக்காரரை நாங்கள் அந்தக் காதிடம்தான் கொண்டுபோய் ஒப்படைத்தோம்.

மாமா கட்டுமான இடத்தில் உயரக் கிரேன் ஓட்டுபவர். ஏணி ஏறி, அலமாரி அளவு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். அதிகம் பேசமாட்டார். பேச்சுக்கும் சேர்த்து அக்காவைக் கட்டிக்கொண்டார் என்று வீட்டில் சொல்வோம். கீழேயிருந்து விசிலடித்துக் கைகாட்டுகிறவரை எல்லோரும் விசில் என்றே கூப்பிடுவார்கள். அவர் கை அசைய, மாமா இரும்புக் கட்டுகளைப் பூனை தன் குட்டியைக் கவ்வித் தூக்குகிற மாதிரி நோகாமல் தூக்கி வைப்பார்.

ஒருநாள் காலையில் ஏணியடியில் இடுப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். முகம் வெளுத்துப்போனதையும், கையும் காலும் லேசாக வெட்டி இழுத்ததையும் விசில் பார்த்தார். தண்ணீர் எடுக்க அவர் திரும்புவதற்குள் மாமா எழுந்து உட்கார்ந்து, "என் தொப்பி எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் நான் பாதி வகுப்பில் ஓடினேன். அக்கா வந்துகொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மின்னல் அல்லவா!

"என்ன ஆச்சு?" என்று அவர் திரையைக் கேட்டார்.

"விழுந்துட்டேன் சார்" என்றார் மாமா.

"நினைவு போச்சா?"

"போயிருக்கும்போல சார்."

"கை கால் இழுத்துச்சா?"

விழுந்து கிடந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? விசில் முன்னால் வந்தார். "இழுத்துச்சு சார். ஆனா லேசாத்தான். அதுக்கு முன்னாடி மூஞ்சி அப்படியே வெளுத்து..."

"இழுத்துச்சு. சரி." விரல்கள் ஓடின.

"அதில்ல சார், உடனே எழுந்து உக்காந்துட்டாரு. நல்லாத் தெளிவா தொப்பிய..."

"நீங்க யாரு? சொந்தமா?"

"கூட வேலை பாக்கறவன் சார்."

"அப்ப வெளில இருங்க. இங்க கூட்டம் போடாதீங்க."

விசில் வெளியே போய்க் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். திரையில் நோயின் பெயரைக் கேட்கும் கட்டம் காலியாக மின்னிக்கொண்டிருந்தது. மின்னல் ஓர் எழுத்தைத் தட்டினார். ஒரு பட்டியல் விழுந்தது. அதை அவர் படிக்கவில்லை. தலைமாட்டில் நின்றதை அழுத்தினார். வலிப்பு நோய். அவ்வளவுதான். கடையில் சோப்பு வாங்குகிறவன்கூட மோந்து பார்த்துத்தான் எடுப்பான்.

தலையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. "வலிப்புல நிறைய பேருக்கு ஸ்கேன் சுத்தமாத்தான் இருக்கும்" என்றார். ஸ்கேனில் ஏதாவது வந்திருந்தால் வலிப்பு, வராவிட்டாலும் வலிப்பு. நெஞ்சில் ஒயர் ஒட்டி எடுக்கும் சாதாரண சோதனையைக்கூட யாரும் எடுக்கவில்லை. வார்த்தைதான் கிடைத்துவிட்டதே, அப்புறம் எதற்குத் தேடுவது?

வலிப்பு என்ற வார்த்தை எங்களுக்கு முன்னால் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. வலிப்பு உள்ளவரை ஏணியில் ஏற்றக் கூடாது. அது சட்டம், அதில் தப்பில்லை. மாமாவைச் சாமான் அறையில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்கு ஸ்பேனரும் கையுறையும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஊரையே மேலிருந்து பார்த்த மனிதர், ஜன்னல் இல்லாத அறையில் கையுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் சொல்லாததையும் சேர்த்து அக்கா சொன்னாள்.

அந்த ஊர் ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒரே கணினியில் இணைந்தவை. எங்கே போனாலும், மாமாவின் எண்ணைத் தட்டினால் அந்தச் சொல் சிவப்பாக முதலில் வந்து நிற்கும். பல் டாக்டர் பல்லைப் பிடுங்க யோசித்தார். கண் டாக்டர் கண்ணாடிக்கு வந்தவரிடம் வலிப்பைப் பற்றியே விசாரித்தார். சொந்தக்காரர்கள் வேறு. மாமாவின் அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்து, "எங்க பக்கத்துல இந்த வியாதி யாருக்கும் கிடையாதும்மா" என்று அக்காவிடம் சொன்னார், ஏதோ அக்கா சீராகக் கொண்டுவந்த மாதிரி.

"எங்க பக்கத்துலயும் கிடையாது. அப்ப ஆஸ்பத்திரி பக்கத்துலேர்ந்துதான் வந்திருக்கும்" என்றாள் அக்கா.

மின்னல் எழுதிக் கொடுத்த வலிப்பு மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தபின் மாமா தேய்ந்துகொண்டே வந்தார். மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் சமையலறையில் தட்டை நீட்டியபடியே மறுபடி விழுந்தார். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் திரையைப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார். அவ்வளவாவது பார்த்தாரே என்று நான் நினைத்தேன்.

"ஏற்கெனவே வலிப்பு இருக்கில்ல? மாத்திரை பத்தலை. கூட்டிடலாம்."

கூட்டினார். முந்தைய பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டி, முன்னால் ஒரே ஒரு சொல்லை மட்டும் சேர்த்தார்: கட்டுப்படாத வலிப்பு நோய். மாமாவுக்கு வேலையில் இறக்கம். நோய்க்குப் பதவி உயர்வு.

அதற்குமேல் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அவள் தொலைபேசிக் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்கள் திட்டுவதைப் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, அந்தப் பொறுமையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள். மின்னலின் அறைக்குள் போய், நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன்.

"இவருக்கு வலிப்புன்னு எப்படி சார் முடிவு பண்ணீங்க?"

"அறிகுறி அப்படி." காதுதான் பேசியது.

"என்ன அறிகுறி?"

அவர் திரையை மேலும் கீழும் உருட்டினார். "இதோ இருக்கு பாருங்க. வலிப்பு நோய்னு."

"அது நீங்க போட்டது சார். நீங்க எழுதினதையே நீங்க சாட்சிக்குக் கூப்பிடறீங்களே."

அப்போது முகம் திரும்பியது. படத்தில் இருந்த சிரிப்பு அதில் இல்லை. "அம்மா, ஏதாவது ஒண்ணைப் போட்டாத்தான் அடுத்த பக்கமே திறக்கும். வெளில எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"தெரியலைன்னு போட முடியாதா?"

"தெரியலைன்னு போட்டா அப்புறம் என்னம்மா டாக்டர்?" அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். "இது சும்மா ஒரு வார்த்தை. இதைப் பிடிச்சுத் தொங்காதீங்க. மாத்திரையை ஒழுங்காக் குடுங்க."

வெளியே வந்ததும் அக்கா லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் படத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். "பக்கம் திறக்கறதுக்காகப் போட்டானாம். என் புருஷன் என்ன கதவுச் சாவியா?" என்றாள். லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அதில் வெட்கமே இல்லை. குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி இரண்டாம் தடவையும் சொன்னாள்.

மூன்றாவது தடவை மாமா விழுந்தது முடிதிருத்தும் கடையில். ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் பாக்கியிருந்தது. கடைக்காரர் பயந்துபோய், கழுத்தில் கட்டிய துணியோடு அடுத்த தெருவில் இருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாங்கள் போனபோது, பாதித் தலையோடு மாமா கட்டிலில் கிடந்தார். பக்கத்தில் ஓர் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உப்புத்தாளைத் தேய்ப்பது மாதிரி கரகரவென்று குரல். அவர்தான் அங்கே டாக்டர்.

திரையை முழுக்கப் படித்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பினார். பிறகு அதை ஒரு கையால் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டார்.

"என்ன நோய்னு இதுல நாலு இடத்துல இருக்கு. என்ன நடந்துச்சுன்னு ஒரு இடத்துலயும் இல்லையே. பாத்தவங்க யாரு?"

கடைக்காரர் கையைத் தூக்கினார். அக்கா உடனே, "இவர் சொந்தமில்லைங்க" என்றாள். அதற்குள் அவளும் பழகிவிட்டாள் பாருங்கள்.

"கண்ணு இருக்கில்ல? அது போதும். சொல்லுங்க."

கடைக்காரர் சொன்னார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வெட்டினாராம். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கின மாதிரி வெளுத்ததாம். தலை தொங்கியதாம். கை இரண்டு தடவை துடித்ததாம். நாற்காலியைச் சாய்த்ததும் முகம் சிவந்து கண்ணைத் திறந்து, "மீதியை வெட்டுப்பா" என்றாராம்.

"குழப்பமாப் பேசினாரா? தூங்கி வழிஞ்சாரா? நாக்கைக் கடிச்சுக்கிட்டாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஏன் நிறுத்திட்டேன்னு என்னைத்தான் கோவிச்சாரு."

முதல் தடவை பார்த்தது யார் என்று கேட்டார். நான் விசிலைப் போனில் பிடித்துக் கொடுத்தேன். இத்தனை மாதமாக யாரும் கேட்காததை விசில் மூச்சுவிடாமல் கொட்டினார். தொப்பி கதை எங்களுக்கே கேட்டது. டாக்டர் இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மாமாவின் மணிக்கட்டை விடவே இல்லை.

பிறகு திரையை இழுத்துத் தட்டினார். தட்டியதை எங்களுக்குப் படித்தும் காட்டினார். "திடீரென முகம் வெளுத்து மயங்கி விழுகிறார். உடனே முழுத் தெளிவு திரும்புகிறது. நேரில் பார்த்த இருவர் சொன்னது. காரணம் இன்னும் தெரியவில்லை. வலிப்பு என்பதற்கு ஆதாரம் போதாது. இதயத்தைப் பார்க்க வேண்டும்."

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "தெரியலைன்னு எழுதறீங்களே, டாக்டர்!"

"தெரியலையே. வேற என்ன எழுதறது?"

"இல்ல, அந்தப் பெரிய டாக்டர்..."

"ஒரு பேரை வச்சுட்டா அடுத்தவங்க தேடமாட்டாங்க. இத்தனை நாள் நீங்க பாத்தது அதைத்தானே?" என்று சொல்லிவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு மாமாவின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டச் சொன்னார்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மாமா கட்டிலிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நெஞ்சு ஒயர்கள் போய்ச் சேர்ந்த திரையில் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்த பச்சைக் கோடு சட்டென்று படுத்துவிட்டது. பேப்பர் நழுவியது. அக்கா கத்துவதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். கோடு தானாகவே மறுபடி எழுந்தது. மாமா கண்ணைத் திறந்து, எல்லோரும் ஏன் சுற்றி நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

இதயம் துடிக்கச் சொல்லி மேலேயிருந்து வரும் மின்சாரம் கீழே போய்ச் சேராமல் நடுவில் அடைத்துக்கொள்கிறது என்று கரகரக் குரல் டாக்டர் விளக்கினார். துடிப்பு நின்றால் மூளைக்கு ரத்தம் போகாது, அதனால்தான் அந்த வெட்டும் இழுப்பும். இன்னொன்றையும் சொன்னார், கொஞ்சம் தயங்கித்தான். அவருக்குக் கொடுத்துவந்த வலிப்பு மாத்திரை இந்த அடைப்பை இன்னும் மோசமாக்கக்கூடிய வகை. கூட்டிக் கொடுத்தபிறகு அவர் தேய்ந்துபோனது அதனாலும் இருக்கலாம்.

அக்கா நடைபாதைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். "சும்மா ஒரு வார்த்தைன்னான்டா" என்றாள் என்னிடம். "அந்த வார்த்தையைத் தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தி நான்தான்டா முழுங்க வச்சிருக்கேன்." அப்போதுதான் அவள் அழுது பார்த்தேன்.

மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்திய பின்பும் கோடு விட்டுவிட்டுப் படுத்தது. அதனால் தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவு ஒரு பேஸ்மேக்கரை வைத்தார்கள். அதன்பின் மாமா விழவில்லை. கன்னத்தில் நிறம் வந்தது. முடிதிருத்துபவர் ஆஸ்பத்திரிக்கே வந்து பாக்கித் தலையை வெட்டிவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். எதையும் முடியவிடாத ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்தவர், சோதனைகளில் தேறினால், கிரேன் ஏறலாம் என்று கம்பெனி டாக்டரே சொன்னார். ஆனால் அவர் திரையில் இரண்டு நோய்கள் இருந்தன. சிறிய ஆஸ்பத்திரி எழுதியது கீழே. மின்னல் போட்டது மேலே, சிவப்பில். "அதைப் போட்டவங்கதான் எடுக்கணும்மா. அது இருக்கற வரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

அக்கா மின்னலின் பெரிய ஆஸ்பத்திரிக்கே போனாள். அங்கே நிர்வாகி, கோட்டு போட்டுக்கொண்டு குழைந்து பேசுகிற மனிதர். "ஒரு பிரச்னையும் இல்லம்மா. வலிப்பு நோய், குணமானதுன்னு மாத்திக் குடுத்துடறோம்."

"இல்லாத நோய் எப்படி சார் குணமாகும்?"

"எல்லாம் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணு இல்ல. குணமானதுன்னு போட்டா, இருந்துச்சுன்னு அர்த்தம். நாளைக்குப் பாக்கறவன் திரும்ப வருமோன்னு மேல ஏத்தமாட்டான். நீங்க எங்களுக்குத் தப்பைத் திருத்திக் குடுக்கல சார், தப்புக்குப் பாலிஷ் போட்டுக் குடுக்கறீங்க."

"சரிம்மா, உங்க புகாரை மேலிடத்துக்கு அனுப்பறோம்."

அக்கா சிரித்துவிட்டாள். "அதே வரியைத் தினமும் சொல்லிச் சம்பளம் வாங்கறவ சார் நான். மேலிடம்னு ஒண்ணு கிடையாது. எனக்கு நல்லாத் தெரியும்."

அவள் எழுந்திருக்கவில்லை. சிறிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டாள். அந்தக் கரகரக் குரல் ஒலிபெருக்கியில் வந்து, "தப்பா எழுதின நோய் அடுத்த டாக்டரையும் தப்பா நடத்தும். எடுக்கலைன்னா நான் எழுத்துல கேக்க வேண்டியிருக்கும்" என்று நிதானமாகச் சொன்னபின்தான் நிர்வாகியின் குழைவு கொஞ்சம் விறைத்தது. அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். தலைமை மருத்துவர், நிர்வாகி, மின்னல் ஒரு பக்கம்; அக்கா, மாமா, நான், விசில் மறுபக்கம்.

மின்னலுக்கு எதிரே அன்றைக்குத் திரை இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு இருந்த தகவலை வச்சுத்தான் எழுத முடியும்" என்றார்.

"தகவல் வாசல்ல நின்னுட்டிருந்துச்சு" என்று அக்கா விசிலைக் காட்டினாள். "நீங்கதான் வெளில போகச் சொன்னீங்க."

தலைமை மருத்துவர் வயதானவர். விசிலிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். விசில் எழுந்து நின்று சொன்னார். அந்த அறையில் யாரும் அவரைச் சொந்தமா என்று கேட்கவில்லை. கேட்டு முடித்ததும் தலைமை மருத்துவர் மின்னலின் பக்கம் திரும்பி, "இதை நீங்க ரெண்டு நிமிஷம் கேட்டிருந்தா, நெஞ்சைப் பாத்திருப்பீங்க இல்லையா?" என்றார்.

"வெளில கூட்டம் சார்."

"அந்தக் கூட்டத்துல இன்னும் எத்தனை பேருக்கு இப்படிப் போட்டிருக்கீங்க?"

மேசையைத் தட்டிக்கொண்டிருந்த மின்னலின் விரல்கள் நின்றன. அவருக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. இந்தத் தடவை முகம் முழுதாகவே தெரிந்தது.

மாமாவின் கணினிப் பக்கத்தில் அந்தச் சிவப்பு வரியை அடித்து, 'தவறாகப் பதிவானது. இவருக்கு வலிப்பு நோய் இருந்ததில்லை' என்று எழுதி, கீழே இதயத்தின் கோளாறைச் சரியான பெயரோடு போட்டுக் கொடுத்தார்கள். மின்னல் பார்த்த பழைய நோயாளிகளின் பக்கங்களையும் புரட்டினார்கள். பட்டியலின் தலையில் நின்ற வார்த்தைகளாகவே அவர் எடுத்திருந்தது தெரிந்து, பல பேரைத் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். தேவையில்லாத மாத்திரையை விட்டவர்கள் உண்டு. தேவையான வைத்தியம் தாமதமாகக் கிடைத்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதை இங்கே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மின்னல் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வேலை போயிருக்கும் என்று நினைத்தால் நீங்கள் உலகம் தெரியாதவர். அவரை நோயாளிகளிடமிருந்து விலக்கி, புதிதாகச் சேரும் டாக்டர்களுக்குக் கணினியில் விவரம் ஏற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் பதவியில் உட்காரவைத்தார்கள். கூட்டத்துக்கு வெளியே மாமா அவரிடம் போய், "ரொம்ப நன்றிங்க சார், சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்று கைகூப்பினார். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். வீடு வரைக்கும் பஸ்ஸில் மாமாவோடு பேசவில்லை. இறங்கியதும் ஒரே கேள்விதான் கேட்டாள். "எதுக்குங்க நன்றி? சாகடிக்காம விட்டதுக்கா?"

"பழக்கதோஷம்" என்றார் மாமா.

சோதனைகள் எல்லாம் முடிந்து, கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டு, மாமா மறுபடி கிரேன் ஏறிய அன்றைக்கு அக்கா லீவு போட்டுவிட்டு வந்தாள். நானும் போனேன். விசில் அவளுக்கு ஒரு மஞ்சள் தொப்பியை மாட்டி, ஓரமாக நிற்க வைத்தார். மாமா ஏணியில் நிதானமாக ஏறினார். பாதியில் ஒருதரம் நின்றார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார்.

கூண்டின் கண்ணாடியில் வெயில் அடித்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. விசிலுக்கு மட்டும் பழகின கண்.

"அண்ணி, உங்களுக்குத்தான் கை காட்டறாரு!"

அக்கா தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கண்ணில் வெயில் பட்டது என்றுதான் இன்றுவரைக்கும் சொல்கிறாள்.

"கையை எதுக்கு எடுக்கறாரு? கைப்பிடியைப் பிடிச்சுகிட்டு வேலையைப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

விசில் விசிலடித்தார். கொக்கி கீழே இறங்கி வந்தது.